கைக்குழந்தைகளுக்கு மட்டும்

எங்கள் தெருவில் போட்டோ ஸ்டுடியோவுக்குப் பஞ்சமே கிடையாது. தெருக்கோடியில் பாஸ்போர்ட் ஆபீஸ் இருக்கிறது, அதுதான் காரணம். பஸ்ஸை விட்டு இறங்குகிற ஆள் ஆபீஸ் வாசலை மிதிப்பதற்குள் பத்துப் பேராவது வழிமறித்து, "போட்டோ எடுத்தாச்சா சார்?" என்று கேட்டுவிடுவார்கள். அந்தத் தெருவில் நானும் ஒரு ஸ்டுடியோ போடப்போகிறேன் என்று சொன்னதும் என் நாத்தனார் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்மா, இந்தத் தெருவுல இன்னும் போட்டோ எடுக்காம யாரையாவது மிச்சம் வெச்சிருக்காங்களா?"

கேள்வி நியாயமானதுதான். ஆனால் நியாயம் கேட்கிற மனநிலையில் நான் இல்லை. அதற்கு முந்தின வாரம்தான் மாளிகையிலிருந்து கோபித்துக்கொண்டு வெளியே வந்திருந்தேன். மாளிகை என்பது தெருவிலேயே பெரிய ஸ்டுடியோ. வாசலில் பளிங்குப் படி, உள்ளே ஆளுயரக் கண்ணாடி, தலை வாரச் சீப்பு, முகத்துக்குப் பவுடர் என்று ஒரே ஆர்ப்பாட்டமாக இருப்பதால் தெருக்காரர்கள் வைத்த பெயர் அது. கல்யாணமான புதிதில் அங்கே படம் வெட்டும் வேலைக்குப் போனவள், பார்த்துப் பார்த்தே படம் எடுக்கவும் கற்றுக்கொண்டேன். ஓர் ஆளுக்கு நான் ரொம்ப நேரம் எடுத்துக்கொள்கிறேன் என்று முதலாளி வாடிக்கையாளர்கள் முன்னாலேயே கத்தினார். எனக்கும் வாயைக் கட்டத் தெரியாது. "நீங்க எடுக்கற படத்துல எல்லாரும் திருட்டுக் கொடுத்தவங்க மாதிரி முழிக்கிறாங்க. அதான் நான் நேரம் எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன்.

"வெளியில போய்ப் பாரு. இந்தத் தெருவுல உனக்கு ஒரு நாற்காலி போடக்கூட இடம் கிடைக்காது" என்றார் அவர்.

கிடைத்தது. நாத்தனார் கட்டிடத்தின் மாடிப்படிக்குக் கீழே.

நாத்தனார் என் வீட்டுக்காரருக்கு ஒரே அக்கா. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், சொந்தக் கட்டிடத்தின் மேல்மாடியில் டியூஷன் நடத்துகிறார். அவர் செருப்புச் சத்தம் படியில் கேட்டால் போதும், அதுவரை சந்தைக்கடையாக இருந்த வகுப்பு கப்சிப் ஆகிவிடும். கெட்ட மனசில்லை. என் மகளுக்குக் காலேஜில் இடம் கிடைக்க அலையாய் அலைந்தவர் அவர்தான். ஆனால் அந்த நல்ல மனசு முகத்துக்குத் தெரிந்துவிடாமல் பார்த்துக்கொள்வார். படிக்குக் கீழே கிடந்த உடைந்த பெஞ்சுகளை எல்லாம் அப்புறப்படுத்தி எனக்கு இடத்தைக் கொடுத்தபோதுகூட, பரீட்சைத் தாளைத் திருப்பிக் கொடுக்கிற தோரணையில்தான் கொடுத்தார்.

"லீவு முடிஞ்சு ஸ்கூல் திறக்கற வரைக்கும் பாரு. அதுக்குள்ள கடை நடக்கலைன்னா இடத்தை ஜெராக்ஸ்காரருக்குக் கொடுத்துடுவேன். அவரும் ரொம்ப நாளா கேக்கறாரு. நீ பழையபடி மாளிகைக்கே போயிடு. அந்தாள்கிட்ட நான் பேசறேன்."

அக்கா பேசுவார். அந்த ஆளும் சேர்த்துக்கொள்வார். அதுதான் எனக்குப் பயமே. அந்தப் பளிங்குப் படியில் மறுபடி ஏறுவதைவிட பஸ் ஸ்டாண்டில் பலூன் விற்கலாம்.

இடம் கிடைத்ததே தவிர, அது எப்பேர்ப்பட்ட இடம் என்பது முதல் வாடிக்கையாளர் வந்தபோதுதான் புரிந்தது. மாடிப்படிக்குக் கீழே என்றால் கூரை சரிவாகத்தானே இருக்கும்? உயரமான பக்கத்தில் நான் கேமராவோடு நின்றால், நாற்காலியைத் தாழ்ந்த பக்கத்தில்தான் போட முடியும். முதலில் வந்தவர் பேங்க் ஆபீசர். கம்பீரமாக வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் ஐந்தாம் படியின் அடிப்பக்கம் அவர் உச்சந்தலையைப் பதம் பார்த்தது. நாற்காலியை முன்னால் இழுத்தேன். இப்போது அவர் மூக்கும் கேமராவும் முத்தம் கொடுக்கிற தூரத்தில் இருந்தன. "பரவாயில்லம்மா, நான் அடுத்த கடையில எடுத்துக்கறேன்" என்று தலையைத் தடவியபடி போய்விட்டார். இதே கதைதான் அடுத்தடுத்து வந்தவர்களுக்கும். அதற்கப்புறம் நான் ஈ ஓட்டினேன்.

அப்படி ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஒரு நாள் மதியம், இடுப்பில் குழந்தையும் தோளில் மூட்டை போன்ற பையுமாக ஒரு பெண் உள்ளே வந்தாள். வியர்த்து விறுவிறுத்துப் போயிருந்தாள்.

"அக்கா, நீங்களாவது எடுத்துக் கொடுங்க. தெரு முழுக்க ஏறி இறங்கிட்டேன். எடுத்த படத்தையெல்லாம் ஆபீஸ்ல வேணாம்னு தள்றாங்க."

"ஏன், அழறானா?"

"அழுதாலும் பரவாயில்லையே. சிரிக்கிறான்!"

பாஸ்போர்ட் படத்துக்குச் சிரிக்கக் கூடாது. கைக்குழந்தையாக இருந்தாலும் கண் திறந்திருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், நேராகப் பார்க்க வேண்டும், யாருடைய கையும் தெரியக் கூடாது. சட்டம் போட்டவருக்குப் பிள்ளை குட்டி கிடையாது என்று நினைக்கிறேன். ஸ்டுடியோக்காரர்களோ குழந்தையைப் பார்த்ததும் கிலுகிலுப்பையை எடுத்து ஆட்டுவார்கள். அது வாயைப் பிளந்து சிரிக்கும். இல்லாவிட்டால் பயந்து அலறும். இரண்டும் ஆபீஸில் செல்லாது.

என் இடத்தில் குழந்தைக்கு மட்டும் ஒரு வசதி இருந்தது. தாழ்ந்த பக்கத்தில் ஒரு சாய்வுத் தலையணையை வைத்து வெள்ளைத் துணியை விரித்துப் படுக்கவைத்தால், தலை இடிக்கிற பேச்சே இல்லை. கேமராவும் நல்ல தூரத்தில் இருந்தது. என்ன பயன்? அந்தப் பயல் என்னைப் பார்த்தும் சிரித்தான், விளக்கைப் பார்த்தும் சிரித்தான், படியின் அடிப்பக்கத்தைப் பார்த்தும் சிரித்தான். அவன் அம்மா அழாத குறை.

அந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் சாப்பாட்டு டப்பாவோடு வந்து வாசலில் நின்றார்.

அவர் பஸ் டிப்போவில் தொலைந்துபோன பொருட்களுக்கான கவுன்ட்டரில் வேலை பார்க்கிறார். மத்தியானத்துக்கு மேல்தான் வேலை. குடையைத் தொலைத்தவர் புலம்பிக்கொண்டு வருவார், சர்ட்டிபிகேட்டைத் தொலைத்தவர் கத்திக்கொண்டு வருவார், பெட்டி கிடைத்தவர் கட்டிப்பிடிக்கவே வருவார். எல்லோருக்கும் இவர் காட்டுவது ஒரே முகம். டிப்போவில் அவருக்குப் பட்டப்பெயரே 'சிலை'. எங்கள் கல்யாணப் படத்தில் நான் அத்தனை பல்லும் தெரியச் சிரிக்கிறேன், பக்கத்தில் அவர் யாரோ விட்டுப்போன பெட்டிக்குக் காவல் நிற்கிறவர் போல நிற்கிறார். கோபமில்லை, கவலையில்லை. அந்த முகம் அவ்வளவுதான். தங்கமான மனுஷர், ஆனால் சிரித்து நான் பார்த்ததில்லை. கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துப்போய்விட்டது.

குழந்தை அவரைப் பார்த்தது. சிரிப்பு அப்படியே நின்றது. அழவும் இல்லை. வாயை மூடிக்கொண்டு, கண்ணை அகல விரித்து, ஏதோ பெரிய விஷயத்தை யோசிப்பது போல அவர் முகத்தையே பார்த்தது.

"அசையாதீங்க" என்றேன். யாரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை, இரண்டு பேருமே அசையவில்லை. கிளிக்.

ஆபீஸுக்குப் போன பெண் ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தாள். "வாங்கிக்கிட்டாங்க அக்கா! ஒரு வார்த்தை சொல்லலை!"

அன்று வீட்டுக்குப் போனதும் என் மகளின் பழைய ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். நான் விளையாட்டுக் காட்டி எடுத்த படங்களில் எல்லாம் பொக்கைவாய்ச் சிரிப்பு. அவள் அப்பாவை எதிரே நிறுத்திவிட்டு எடுத்தவற்றிலோ, குழந்தை தீர்ப்பு எழுதப்போகும் ஜட்ஜ் மாதிரி இருந்தாள். இவ்வளவு வருஷமாக வீட்டில் புதையலை வைத்துக்கொண்டு, ஏன் இது சிரிக்க மாட்டேன் என்கிறது என்று நொந்துகொண்டிருந்திருக்கிறேன்!

மறுநாளே போர்டு எழுதி மாட்டினேன். 'கைக்குழந்தைகளுக்கு மட்டும் பாஸ்போர்ட் படம் எடுக்கப்படும்.' மாடியிலிருந்து இறங்கி வந்த நாத்தனார் அதைப் படித்துவிட்டு நின்றுவிட்டார்.

"வர்றதே நாலு பேரு. அவங்களையும் வராதேன்னு சொல்றதுக்கு ஒரு போர்டா?"

"பெரியவங்களுக்குத் தெரு பூரா கடை இருக்கு அக்கா. குழந்தைக்குன்னு ஒண்ணுகூட இல்ல."

"குழந்தைங்க எல்லாம் வெளிநாடு போக வரிசை கட்டி நிக்குதா?"

"ஒண்ணு ரெண்டு போகும்ல? அதுங்க எல்லாமே எனக்குத்தான்."

"ஸ்கூல் திறக்கற வரைக்கும்தான், ஞாபகம் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மேலே போனார். வகுப்பு கப்சிப் ஆனது.

ஒரு விஷயத்தை நான்கூட எதிர்பார்க்கவில்லை. தெருவில் இருந்த மற்ற ஸ்டுடியோக்காரர்களே எனக்கு ஆள் அனுப்ப ஆரம்பித்தார்கள். நான்தான் அவர்களுடைய வாடிக்கையாளர் ஒருவரையும் தொடுவதில்லையே! ஜம்மென்று கோட்டுப் போட்டு வருகிறவரை, "சார், அடுத்த கடைக்குப் போங்க" என்று நானே அனுப்பிவைத்தேன். பதிலுக்கு அவர்கள், கிலுகிலுப்பை ஆட்டிக் கை ஓய்ந்துபோய், குழந்தைகளை எல்லாம் என்னிடம் தள்ளினார்கள். மாளிகை முதலாளிகூட, "அழுமூஞ்சி கேஸெல்லாம் படிக்கட்டுக்கு அனுப்பு, நமக்கு நேரம் மிச்சம்" என்றாராம். படிக்கட்டு என்பதே கடையின் பெயராகிவிட்டது. எனக்குச் சந்தோஷம்தான். ஒரு ஆளுக்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொள்கிறாள் என்று துரத்தப்பட்டவளிடம், நேரம் எடுத்தே தீர வேண்டிய ஆட்கள் மட்டும் வந்து சேர்ந்தார்கள்.

என் வீட்டுக்காரர் காலையிலேயே கடைக்கு வந்துவிடுவார். எனக்குப் பின்னால் ஒரு முக்காலியில் ஏறி நிற்பார். குழந்தை அவரைப் பார்த்து யோசிக்கும், நான் எடுப்பேன். முதலில் கடமைக்குத்தான் வந்தார். பிறகு எனக்கு முன்னால் எழுந்து சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்தார். பிறகு, வந்த குழந்தைகளைப் பற்றி வீட்டில் பேச ஆரம்பித்தார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருந்த மனுஷர், "இன்னிக்கு வந்ததே அந்தச் சுருட்டைமுடி, அது என் மூக்கையே பார்த்துச்சு, கவனிச்சியா?" என்று கேட்டபடி சாப்பிட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. பின்னால் வரப்போகும் ஆபத்து அப்போது தெரியவில்லை.

ஒரு நாள் ஒரு குண்டுப் பாப்பா. படம் எடுத்து முடித்துத் துணி மாற்றுகிற நேரத்தில், இவர் குனிந்தபோது எட்டி அவர் மூக்குக் கண்ணாடியைப் பறித்துத் தன் வாயில் வைத்துக்கொண்டது. பின்னால் விநோதமாக ஒரு சத்தம் கேட்டது. அவருக்கு விக்கல் என்று நினைத்துத் தண்ணீர் எடுக்கப் போனேன். திரும்பிப் பார்த்தால், மனுஷர் சிரித்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர. கன்னத்தில் ஒரு குழிகூட விழுந்தது. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு அந்தக் குழி தெரியாது. கையில் தம்ளரோடு அப்படியே நின்றேன். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அன்றோடு எங்கள் தொழிலில் மண் விழுந்தது.

ஒரு தடவை திறந்த சிரிப்பு மூடவே இல்லை. அடுத்த குழந்தை வந்தது, இவர் முக்காலியில் ஏறினார், உதட்டோரம் நெளிந்தது, குழந்தை அதைக் கண்டுகொண்டது, வாய் பிளந்து சிரித்தது. அடுத்ததும் அப்படியே. எடுத்த படங்களை ஆபீஸில் திருப்பினார்கள். 'வாய் திறந்திருக்கிறது.' 'கண் சுருங்கியிருக்கிறது.' தாய்மார்கள் வெயிலில் திரும்பி வந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! டிப்போவிலிருந்தும் புகார் வந்தது. பொருள் கிடைக்கவில்லை என்று சொல்லும்போது கவுன்ட்டரில் இருப்பவர் சிரிக்கிறாராம்.

அக்கம்பக்கத்து ஸ்டுடியோக்காரர்கள் குழந்தைகளை அனுப்புவதை நிறுத்தினார்கள். ஸ்கூல் திறக்கிற நாளும் நெருங்கிவிட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"சிரிக்காதீங்க" என்றேன் அவரிடம், சற்றுக் கடுப்பாகவே.

"சரி" என்றார். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். சிரிப்பு என்ன, துடைத்தால் போகிற வியர்வையா? மறுநாள் கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டு நின்றார். டிப்போவில் கேட்பாரற்றுக் கிடக்கும் செருப்புகளை எல்லாம் நினைத்துக்கொள்வதாகச் சொன்னார். அடக்க அடக்க முகம் கோணிக்கொண்டு போயிற்று. அதைப் பார்த்த குழந்தைகள் கையைத் தட்டிக் கெக்கலி கொட்டின. பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மாக்களுக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஒரு நாள் காலையில் நான் கடைக்குள் நுழைந்தபோது அவர் எனக்கு முன்பே வந்திருந்தார். சுவரில் மாட்டிய சின்னக் கண்ணாடி முன்னால் நின்று, இரண்டு விரலால் உதட்டோரங்களைக் கீழே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். நான் வந்ததைக் கவனிக்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது. ஒரு சிரிப்புக்காக எத்தனை வருஷம் கெஞ்சியிருப்பேன்? அது வந்ததும், வராதே போ என்று துரத்துகிறவளும் நான்தானா? என் மேலேயே எனக்கு வெறுப்பாக வந்தது.

"ஏங்க, விடுங்க. சிரிங்க."

திடுக்கிட்டுத் திரும்பினார். "கடை?"

"போனா போகட்டும். மாளிகையில போய் நிக்கறது எனக்கென்ன புதுசா? உங்க சிரிப்புதான் எனக்குப் புதுசு."

கையைக் கீழே போட்டார். குழி விழுந்தது.

வீராப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, அரைமணி நேரத்துக்குள் என் தைரியம் ஆட்டம் கண்டது. முந்தின நாள் படம் எடுத்துக்கொண்டு போன நர்ஸ் திரும்பி வந்தாள். ஆஸ்பத்திரி யூனிபாரத்திலேயே, டியூட்டிக்கு நடுவில், கையில் பெண் குழந்தையோடு.

"அக்கா, நேத்து எடுத்ததும் தள்ளுபடி. அதுக்கு முன்னாடி எடுத்ததும் தள்ளுபடி. இன்னிக்குக் கொடுக்கலைன்னா டிக்கெட் தேதியே தள்ளிப்போயிடும். வெளிநாட்டுல இருக்கற இவ அப்பா இன்னும் இவளை நேர்ல பார்த்ததே இல்லக்கா. ஏர்போர்ட்ல போட்டுக்கறதுக்குச் சட்டைகூட வாங்கி வெச்சுட்டாராம்."

குழந்தையைத் தலையணையில் கிடத்தினேன். அதைக் குறை சொல்ல முடியாது, அது பாட்டுக்குக் காலை உதைத்துக்கொண்டிருந்தது. இவர் முக்காலியில் ஏறினார். அது நேற்றைய நண்பரை அடையாளம் கண்டுகொண்டு, கீச்சென்று கத்திச் சிரித்தது. இவரும் சிரித்தார். நர்ஸும் அழுகையும் சிரிப்புமாகத் தவித்தாள். நான் கேமராவைப் பிடித்தபடி கையைப் பிசைந்தேன். கேமராவைப் பிடித்துக்கொண்டு கையைப் பிசைவது எப்படி என்று கேட்காதீர்கள், அன்று அது முடிந்தது.

இந்தக் களேபரத்தில்தான் நாத்தனார் வந்து வாசலில் நின்றார். பின்னால் டேப்பும் கையுமாக ஜெராக்ஸ்காரர். இடத்தை அளக்க வந்திருக்கிறார்கள்.

"என்ன கூத்து இது? மேல வகுப்பு நடக்கறது தெரியலையா?"

சத்தம் நின்றது. என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடப் பையன் போல முக்காலியிலிருந்து இறங்கிவிட்டார். குழந்தையின் சிரிப்பும் நின்றது. அது நாத்தனாரைப் பார்த்தது. கண் அகல விரிந்தது. வாய் மூடிக்கொண்டது. அழவில்லை. யோசித்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த முகம் என் வீட்டுக்காரருக்கு வானத்திலிருந்தா வந்தது? அதே நீள முகம், அதே கண், அதே நேர்க்கோட்டு உதடு. தம்பியுடையது பெஞ்சில் உட்கார்ந்து படித்த பாடம் என்றால், அக்காவுடையது பாடப் புத்தகமே.

"அக்கா, அப்படியே நில்லுங்க!"

"என்னது?"

"அந்த முகத்தை மாத்தாதீங்க!"

"எந்த முகத்தை? எனக்கு இருக்கறதே ஒரு முகம்தான்."

கிளிக்.

ஜெராக்ஸ்காரர் டேப்பைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தார். கேமராவின் பின்பக்கத்தில் படத்தைக் காட்டினேன். இரண்டு கண்ணும் திறந்து, வாய் மூடி, ஒரு பெரிய மனுஷி போல அந்தக் குழந்தை நேராகப் பார்த்தது. நர்ஸ் நாத்தனாரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "ரொம்ப தேங்க்ஸ்மா, ரொம்ப தேங்க்ஸ்மா" என்றாள். அக்கா கையை விடுவித்துக்கொள்ளப் பார்த்தார். "ஏன், நான் என்ன பண்ணேன்? சும்மாதான நின்னேன்" என்றார். குழந்தை இன்னும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

நர்ஸ் புறப்படும்போது தயங்கினாள். "அக்கா, நேத்து எடுத்தீங்களே, சிரிக்கிற படம். அது ஆபீஸுக்குத்தான் ஆகாது. எனக்குக் கொடுப்பீங்களா? அவங்க அப்பாவுக்கு அனுப்பறேன்."

இதை நான் யோசிக்கவே இல்லை பாருங்கள். தள்ளுபடியான படங்களை எல்லாம் அழித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். நல்லவேளை, அந்தப் படம் மிஞ்சியிருந்தது.

ஆபீஸிலிருந்து நர்ஸ் போன் செய்தாள். வாங்கிக்கொண்டார்களாம். நாத்தனார் அதுவரை மேலே போகாமல் படியிலேயே உட்கார்ந்திருந்தார். ஜெராக்ஸ்காரரும் நின்றிருந்தார்.

"என்ன டீச்சர், அளக்கட்டுமா, வேணாமா?"

"இன்னும் ஸ்கூல் திறக்கலை" என்றார் அக்கா. "திறக்கட்டும், பார்க்கலாம்."

ஜெராக்ஸ்காரருக்கு அதன் பொருள் புரிந்துவிட்டது. மாடியில் படி முடிகிற இடத்தில் ஒரு மூலை காலியாக இருந்தது. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இப்போது என் படங்களோடு போகிற விண்ணப்பத்துக்கெல்லாம் நகல் எடுப்பவர் அவர்தான்.

ஸ்கூல் திறந்தது. கடையும் திறந்தே இருக்கிறது. குழந்தை வந்து துணியில் படுத்ததும், நான் படியின் அடிப்பக்கத்தைக் குடைக்காம்பால் தட்டுவேன். மேலே தனித்தேர்வு எழுதும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருக்கும் அக்கா கையில் சாக்பீஸோடு இறங்கி வருவார். நிற்பார். குழந்தை யோசிக்கும். கிளிக். திரும்பி மேலே போய், விட்ட இடத்திலிருந்து கணக்கைத் தொடர்வார். அதற்கப்புறம் முக்காலி என் வீட்டுக்காரருக்கு. அவர் ஏறிச் சிரிப்பார், குழந்தையும் சிரிக்கும், இன்னொரு கிளிக். முதல் படம் ஆபீஸுக்கு, இரண்டாவது படம் வீட்டுக்கு. ஆபீஸ் படத்துக்கென்று வருகிறவர்கள், வீட்டுப் படத்துக்காகத் தங்கை குழந்தையையும் பக்கத்து வீட்டுக் குழந்தையையும் அழைத்துக்கொண்டு மறுபடி வருகிறார்கள். பாஸ்போர்ட்டே வேண்டாதவர்கள்கூட வருகிறார்கள். போர்டை மட்டும் நான் மாற்றவில்லை.

மாளிகை முதலாளி சும்மா இருப்பாரா? அவரும் 'இங்கே குழந்தைகளுக்கும் எடுக்கப்படும்' என்று ஒரு போர்டு மாட்டினார். சிரிக்காத ஆள் வேண்டுமென்று தேடிப் பிடித்து, ஓய்வு பெற்ற ஜெயில் வார்டன் ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தினார். அன்று தெருவே அலறியது. குழந்தைகள் மட்டுமில்லை, பாஸ்போர்ட்டுக்கு வந்த பெரியவர்களும் இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்களாம். முகத்தில் ஈயாடாமல் முதலாளியே ஒரு குழந்தையை என் கடைக்குக் கையைக் காட்டி அனுப்பிவைத்ததை நான் கண்ணால் பார்த்தேன். நான் சிரிக்கவில்லை. கொஞ்சம்தான் சிரித்தேன்.

போன வாரம் ஒரு காலை. ஒரு குழந்தைக்குப் படம் எடுத்து முடித்தபின்பும் அக்கா மேலே போகாமல் படியில் உட்கார்ந்திருந்தார். கீழே அவர் தம்பி முக்காலியில் நின்று, தன் கண்ணாடியைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு குழந்தையோடு சேர்ந்து கெக்கெக்கென்று சிரித்துக்கொண்டிருந்தார். தற்செயலாகத் திரும்பிய நான் அக்காவின் உதட்டோரம் நெளிவதைப் பார்த்துவிட்டேன். போச்சு, இதுவும் போச்சு!

மெதுவாகப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அக்கா, உங்களுக்குச் சிரிப்பு வருதா?"

"வராம? மொத நாள்லேருந்து வருது."

"அப்புறம் எப்படி அக்கா..."

"அடக்கிக்கறேன்." கையிலிருந்த சாக்பீஸை உருட்டினார். "சின்ன வயசுல அவன் இப்படித்தாம்மா சிரிப்பான். கன்னத்துல குழி விழும். அப்பா போனதுக்கப்புறம் வீட்டுல யாராவது ஒருத்தர் முகத்தை இறுக்கமா வெச்சிருந்தாத்தான் காரியம் நடக்கும்னு ஆயிடுச்சு. நான் வெச்சுக்கிட்டேன். அவன் என்னைப் பார்த்தே வளர்ந்தான், அவனுக்கும் அப்படியே ஒட்டிக்கிச்சு."

உள்ளே குழந்தை மறுபடி கீச்சிட்டது.

"இப்ப அவன் சிரிக்கணும்னா நான் சிரிக்காம நிக்கணும். அவ்வளவுதான? நின்னுட்டுப் போறேன்" என்றார் அக்கா. "பழகின வேலைதான்."

வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. இரட்டைக் குழந்தைகளோடு ஒரு தம்பதி இறங்கினார்கள். இரண்டும் இப்போதே சிரித்துக்கொண்டிருந்தன. அக்கா எழுந்து, விரலில் இருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டு, கேமராவுக்குப் பின்னால் தன் இடத்தில் போய் நின்றார். ஒரு முறை தம்பியைப் பார்த்தார். பிறகு உதட்டை நேராக்கிக்கொண்டார்.

"ம், எடு."

எடுத்தேன். என் கண் நிறைந்திருந்ததால் ஃபோகஸ் சரியாக விழுந்ததா என்று தெரியவில்லை. ஆனால் ஆபீஸில் இரண்டையும் ஒரு வார்த்தை சொல்லாமல் வாங்கிக்கொண்டார்கள்.